பெருவழியும் தெருவும்

வழி என்னும் பொருளைக் குறிக்க நம் மொழியிற் சொற்கள் பல உள. ஊரையும் ஊரையும் இணைத்து நெடுந்தூரம் செல்வதைப் பெருவழி என்றனர் முன்னோர். ஊரினுள்ளே இருமருங்கும் வீடுகள் நிற்க நடுவே கிடப்பது தெரு. மறுகு என்பதும் அதுவே. வாணிகம் நிகழும் தெருவை ஆவணம் என வேறு பெயரிட்டு வழங்கினர். வேலிக்கும் வேலிக்கும் இடையே ஒடுங்கிச் செல்வதை யாழ்ப்பாணத்தார் ஒழுங்கை என்பர். வயலூடு மனிதர் நடந்து நடந்து ஆக்கிய தடம் ஒற்றையடிப் பாதை. கோயிலைச் சூழ்ந்து தேர் ஓடும் இடம் வீதி. இப்பெயர்கள் வழியின் அகலத்தை மாத்திரம் நோக்கி எழுந்தனவல்ல. அதன் பக்கத்தே என்ன நிகழ்கின்றது, அதிற் செல்வோர் யாவர், எதன்பொருட்டுச் செல்கின்றனர் என்பவற்றையும் நோக்கி எழுந்தன. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரிலும் தேரோடும் வீதி வேறு, கடைத்தெரு வேறு. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கும் இடையே நாளங்காடி அமைந்திருந்தது. நிலத்தின் பயனும் வழியின் இயல்பும் ஒன்றோடொன்று இயைதல் வேண்டும் என்னும் அறிவு நமக்குப் புதியதன்று.

இன்று இவையனைத்தையும் 'றோட்டு' என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிட்டோம். சொல் ஒன்றாயது பெருங்குற்றமன்று. சொல்லோடு பொருளும் ஒன்றாயதே குற்றம். காட்டினூடு செல்லும் வழியும், சந்தையினூடு செல்லும் வழியும், பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வழியும் ஒரே அகலமும் ஒரே வழுவழுப்பும் உடையனவாய் அமைக்கப்படுகின்றன. வீதி ஒன்றாயிருப்பின் அதில் ஓடும் வண்டியின் வேகமும் ஒன்றாகவே இருக்கும். இதனால் விளையும் கேட்டையும் அதனைத் தீர்க்கும் வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீதியின் அமைப்பும், அதற்கு விதிக்கப்படும் வேக வரம்பும், அவ்வீதியின் இருமருங்கும் உள்ள நிலம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைப் பின்பற்றுதல் வேண்டும் என்பதே யாம் கூறப் புகுந்த பொருள்.

வீதிக்குத் தொழில் இரண்டு. மக்களையும் பண்டங்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செலுத்துதல் ஒன்று. தன் பக்கத்தே உள்ள வீடு, கடை, கோயில், பள்ளி என்பவற்றுக்கு முற்றமாயும் வாயிலாயும் இருத்தல் மற்றொன்று. முன்னதற்கு வேகம் துணை. பின்னதற்கு வேகம் பகை. பெருவழி முதற்றொழிலுக்கு உரியது. ஒழுங்கை இரண்டாவதற்கு உரியது. இவ்விரு தொழிலையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், நிறைந்த அளவிற் செய்யவல்ல வீதி உலகில் எங்கணும் இல்லை. ஏதேனும் ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எது விட்டுக்கொடுப்பது என்பதை நாம் முன்னரே ஆராய்ந்து முடிவு செய்யாவிடின், வலிமையுடையது வலிமையற்றதை வெல்லும். அதாவது, வண்டி மனிதனை வெல்லும்.

நாம் அனைவரும் நன்கறிந்த கண்டி வீதியை எடுத்துக்கொள்வோம். ஏ9 என எண்ணிட்டு வழங்கும் இவ்வீதி வடபுலத்தின் உயிர்நாடி. 1990ஆம் ஆண்டின் பின்னர் நெடுங்காலம் அடைபட்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் மறுபடியும் திறக்கப்பட்ட வரலாறு அதற்குண்டு. அது மூடிக்கிடந்த காலத்தில் மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் பட்ட பாட்டை எண்ணினால், அவ்வீதி புதுக்கப்பட்டுக் 'காப்பெற்' இடப்பட்டபோது மக்கள் கொண்ட மகிழ்ச்சி நன்கு விளங்கும். அம்மகிழ்ச்சியைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. நல்ல வீதி வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. நல்ல வீதி என்பது யாது என்பதே வினா.

வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி ஒருவன் வருகின்றான் எனக் கொள்வோம். ஓமந்தை கடந்து புளியங்குளம், மாங்குளம் வரை இருபுறமும் பெரும்பாலும் காடு. இடையிடையே சிறு குடியிருப்புகள். பின்னர் முறிகண்டி. அங்கே காட்டின் நடுவே பிள்ளையார் கோயில் கொண்டிருக்கின்றார். தேங்காய் உடைத்துக் கும்பிட்டுச் செல்லாத வழிப்போக்கர் அரியர். கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் கச்சான் விற்போரிடத்துக்குமாக முதியோரும் குழந்தைகளும் வீதியைக் கடந்தவண்ணம் இருப்பர். அதன்பின் கிளிநொச்சி. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களை அயலிற் கொண்ட அந்நகரம் வீதியை ஒட்டியே நீண்டு வளர்ந்தது. கந்தசுவாமி கோயில், சந்தை, கடைகள், வங்கிகள், அலுவலகங்கள் ஆகியன வீதியை நோக்கியே வாயில் வைத்துள்ளன. பரந்தன் கடந்தால் ஆனையிறவு. அங்கே வெளியும் நீரும் காற்றுமே உள. மீண்டும் இயக்கச்சி, பளை எனத் தொடங்கிக் கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி என ஊர்கள் வேலி தொட்டு வேலியாய்த் தொடர்கின்றன.

இவ்வாறு காடு, கோயில், நகர், கடல்நீரேரி, ஊர் என நிலம் பலகால் மாறுகின்றது. வீதியோ அத்துணை மாறுவதில்லை. அதே கறுப்பு, அதே நேர்மை, அதே வெள்ளைக்கோடு. ஊர் வந்துவிட்டது என்பதை ஓட்டுநனுக்கு உணர்த்துவது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. பல மணித்தியாலம் விரைவாய் ஓட்டிவந்த கண்ணுக்கு விரைவு விரைவாய்த் தோன்றாது. 70 கிலோமீற்றர் வேகத்திற் பழகியவனுக்கு 50 என்பது நடைபோலத் தோன்றும். இது அவன் தீயவன் என்பதால் வருவதன்று. மனிதக் கண்ணின் இயல்பினால் வருவது.

சட்டம் இதுபற்றி ஒன்றும் கூறவில்லையோ எனின், கூறியே உள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட விதிகள் குடிமனை செறிந்த இடத்துக்கு ஒரு வரம்பும், ஏனைய இடத்துக்கு வேறொரு வரம்பும் வகுத்துள்ளன. கார் முதலிய வண்டிகளுக்கு முன்னதில் மணிக்கு 50 கிலோமீற்றர், பின்னதில் 70 என்பது பொதுவிதி. முச்சக்கர வண்டிக்கு 40. தென்பகுதியில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் 100. ஆகவே நிலத்தின் பயனுக்கு ஏற்ப வேகம் வேறுபடல் வேண்டும் என்னும் கருத்து நம் சட்டத்துள்ளும் வித்தாய்க் கிடக்கின்றது. குறை யாதெனின், அவ்வித்து இரண்டே இலையோடு நின்றுவிட்டமை. சந்தை வாயிலும் பள்ளி வாயிலும் வைத்தியசாலை வாயிலும், வீடுகள் ஐதாகக் கிடக்கும் ஊரோரமும் ஆகிய எல்லாம் ஒரே 50இன் கீழ் வருகின்றன. மேலும், சட்டம் ஒன்று சொல்ல வீதி வேறொன்று சொல்கின்றது. பலகையில் 50 என்று எழுதியிருக்க, அகன்று நேராய்க் கிடக்கும் வீதி '80இற் செல்லலாம், வா' என அழைக்கின்றது. பலகை பேசுவது ஒரு கணம்; வீதி பேசுவது ஓயாது. எவர் சொல்லை ஓட்டுநன் கேட்பான்?

ஓட்டுநன் வேகமானியைப் பார்த்து வேகத்தைத் தெரிவதினும், வீதியைப் பார்த்துத் தெரிவதே பெரிது. வீதி ஒடுங்கினால் அவன் தானே மெல்லச் செல்வான். மரங்கள் அணித்தாய் நின்றால் மெல்லச் செல்வான். முன்னே வளைவு கண்டால், நிலத்தின் நிறமோ கல்லோ மாறக் கண்டால், நடப்போர் பலரைக் கண்டால் மெல்லச் செல்வான். நம் ஒழுங்கைகளில் வேகப்பலகை எதுவும் இல்லை, பொலிசாரும் இல்லை. எனினும் அங்கே எவரும் 70இற் செல்வதில்லை. ஒழுங்கையின் வேலியும் திருப்பமுமே அங்கு சட்டம். இதுவே வீதி அமைப்பின் அடிப்படை உண்மை. நல்ல வீதி தன்னிற் செல்லவேண்டிய வேகத்தைத் தானே அறிவிக்கும்.

வேகத்தில் 20 கிலோமீற்றர் கூடினால் அப்படியென்ன கேடு வந்துவிடும் என்று வினவுவோர் உளர். அவர்பொருட்டு ஒரு சிறு கணக்குச் செய்வோம். இடரைக் கண்ட ஓட்டுநன் பிறேக்கை மிதிக்க ஒரு செக்கன் செல்லும் எனவும், ஈரமில்லாத வீதியில் நல்ல பிறேக் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் வீதம் வேகத்தைக் குறைக்கும் எனவும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வண்டி ஏறத்தாழ 13 மீற்றரில் நின்றுவிடும். 50இல் வருவது நிற்க 28 மீற்றர் வேண்டும். 70இல் வருவதற்கு 46 மீற்றர். இனி, 14 மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை பந்தைத் துரத்தி வீதிக்கு ஓடிவருகின்றது. 30இல் வந்த வண்டி பிள்ளையின் முன்னே நின்றுவிடும். 50இல் வந்த வண்டியோ அப்பொழுதுதான் பிறேக்கை மிதிக்கத் தொடங்கும். அதன் வேகம் சிறிதும் குறையாமலே பிள்ளையை அடையும். அவ்வாறே 28 மீற்றர் தூரத்தில் ஒருவர் வீதியைக் கடந்தால், 50இல் வந்த வண்டி அவர்முன் நிற்கும். 70இல் வந்தது ஏறத்தாழ 58 கிலோமீற்றர் வேகத்தோடு அவர்மேல் மோதும்.

மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பௌதிகம் கற்கும் மாணவர் அறிந்ததே. வேகம் இருமடங்கானால் வலிமை நான்மடங்காகும். 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதப்பட்டோருட் பெரும்பாலோர் உயிர் தப்புவர். 50ஐ அணுகும்போது சாவு பன்மடங்கு நெருங்குகின்றது. மனிதனின் எலும்புக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை எந்த அமைச்சும் எந்தச் சபையும் தீர்மானம் நிறைவேற்றி உயர்த்த இயலாது. ஆதலின், நடப்போரும் வண்டியும் கலக்கும் இடத்தில் எத்துணை வேகம் தகும் என்பது விருப்புப்பற்றிய வினாவன்று, உடல்பற்றிய வினா. இலங்கையில் ஆண்டுதோறும் வீதிகளில் மாள்வோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பதையும், அவருள் நடந்து சென்றோரும் இருசக்கர வண்டிகளிற் சென்றோரும் பெருந்தொகையினர் என்பதையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும்.

பிறநாட்டார் இவ்வினாவுக்கு விடைகண்ட வகையை அறிதல் பயன் தரும். 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொலின் புக்கனன் என்பார் தலைமையில் நகரப் போக்குவரத்துப்பற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. நகரை அவர் ஒரு பெருங்கட்டடத்துக்கு ஒப்பிட்டார். அதில் அறைகளும் உண்டு, அறைகளை இணைக்கும் நடைகளும் உண்டு. நடையிற் பலரும் போய்வருவர். ஆனால் அறையூடு பிறர் போய்வருவதில்லை. அதுபோல, மக்கள் வாழும் பகுதிகளை அறைகளாகவும், பெருவீதிகளை நடைகளாகவும் கொண்டு நகரை அமைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டு மாத்திரம் வீதிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். வாழும் தெருக்களில் மனிதர்க்கே முதலிடம் என்னும் கொள்கை 1976இற் சட்டமாயிற்று. 1990ஆம் ஆண்டுகளில் அந்நாட்டார் தம் வீதிகள் அனைத்தையும் மூவகையாய்ப் பிரித்தனர்: நெடுந்தூரம் செலுத்துவன, ஊர்க்குப் பகிர்ந்து விடுவன, வீட்டு வாயிலுக்குக் கொண்டுசேர்ப்பன. ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு உருவமும் வெவ்வேறு வேகமும் வகுத்தனர். குடியிருப்புத் தெருவுக்கு 30; நகருட் பகிரும் வீதிக்கு 50; அதிவேகப் பாதைக்கு 100உம் அதற்கு மேலும். வண்டிகள் பன்மடங்கு பெருகிய பின்னரும் அண்மைய ஆண்டுகளில் அங்கு வீதியில் மாள்வோர் தொகை 800க்கும் குறைவு. இருக்கைப்பட்டியும் சிறந்த வண்டிகளும் துவிச்சக்கர வண்டிப் பாதைகளும் இதற்குத் துணை நின்றன என்பது மெய்யே. எனினும் வீதியை வகைப்படுத்தியமை அம்மாற்றத்தின் அத்திவாரங்களுள் ஒன்று.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992இல், முதன்மை வீதிகள் ஒழிந்த ஏனைய தெருக்கள் எல்லாவற்றுக்கும் 30 என வரம்பிட்டது. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல், வீதியில் ஓர் உயிரும் போகலாகாது என்னும் நோக்கை நாட்டின் கொள்கையாய் ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவற்றுக்குத் தண்டனை மரணமாதல் கூடாது. அதற்கேற்ப வீதியை அமைப்பது அமைப்போர் கடன் என்பதே அதன் உட்பொருள். 2020ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஸ்டொக்ஹோமிற் கூடிய உலக மாநாடு, நடப்போரும் துவிச்சக்கர வண்டியோட்டிகளும் மோட்டார் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30ஐ உச்ச வரம்பாக்குமாறு நாடுகளை வேண்டிற்று.

இவை வெளிநாட்டார் செல்வச் செருக்காற் செய்வன. நமக்குப் பொருந்தா என்று சிலர் கூறுவர். பொருந்தும் என்பதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. நல்லூர்க் கந்தன் மகோற்சவம் நிகழும் 25 நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வண்டிகளுக்கு மூடப்படுகின்றன. செருப்பும் கழற்றி அடியார் நடக்கின்றனர். அடியழித்தும் உருண்டும் நேர்த்தி செலுத்துகின்றனர். வண்டிகள் சுற்றிச் செல்கின்றன. வாணிகம் கெட்டது என்றோ யாழ்ப்பாணம் பின்தங்கியது என்றோ ஒருவரும் முறையிடுவதில்லை. நிலத்தின் பயன் அந்நாட்களில் மாறுகின்றது; ஆதலின் வீதியின் பயனும் மாறுகின்றது. இதைவிடத் தெளிவாய் அக்கொள்கையை விளக்குவது வேறில்லை. கந்தன் சந்நிதியில் 25 நாளுக்கு நாம் தரும் மதிப்பை, பள்ளி வாயிலில் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்குத் தரலாகாதோ?

இனிச் செய்யத்தக்கன யாவை எனக் காண்போம். முதலாவது, நம் மாகாணத்து வீதிகளைத் துண்டுதுண்டாய் ஆராய்ந்து, ஒவ்வொரு துண்டும் பெருவழியோ, ஊர்த்தெருவோ, ஒழுங்கையோ என வகைப்படுத்தல் வேண்டும். ஒரே ஏ9 வீதி மாங்குளத்துக் காட்டிற் பெருவழி. கிளிநொச்சிச் சந்தையிலும் சாவகச்சேரிச் சந்தையிலும் அது ஊர்த்தெரு. எண் ஒன்றாயினும் இயல்பு வேறு.

இரண்டாவது, அவ்வகைக்கேற்ப வீதியின் உருவத்தை மாற்றுதல் வேண்டும். பெருவழியாய் உள்ள இடத்தில் அகலமும் நேர்மையும் நல்ல தோளும் இருக்கட்டும், 70உம் இருக்கட்டும். அங்கே காரணமின்றி 40 என ஒரு பலகை நாட்டுதல் அறிவுடைமையன்று. பொருளற்ற வரம்பு ஒன்றை மீறப் பழகியவன், பொருளுள்ள வரம்பையும் மீறுவான். ஊர் தொடங்கும் இடத்திலோ ஒரு வாயில் அமைதல் வேண்டும். கோபுரவாயில் வேண்டா. இருமருங்கும் நிழல்மரம், நடுவே ஒரு சிறு திட்டு, ஓடும் வழியின் அகலத்திற் குறைவு, நிலத்தின் நிறத்தில் மாற்றம் ஆகியன போதும். 'இனி நீ பிறர் முற்றத்துள் நுழைகின்றாய்' என அது ஓட்டுநனுக்கு உணர்த்தும். சந்தை, பள்ளி, கோயில், வைத்தியசாலை என்பவற்றின் முன்னே கடவையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி, 30 என வரையறுத்தல் வேண்டும். நடைபாதை கடைக்காரர் பொருள் பரப்பவும் மோட்டார்ச் சைக்கிள் நிறுத்தவும் அன்று, நடக்கவே இருத்தல் வேண்டும். ஒழுங்கைகளைப் பொறுத்தவரை செய்யத்தக்கது ஒன்றே: அவற்றை அகலித்து, நேராக்கி, பெருவீதிகளுக்குக் குறுக்குவழி ஆக்காதிருத்தல்.

மூன்றாவது, வீதியை நிலத்துக்கு இயைத்தல் போலவே நிலத்தையும் வீதிக்கு இயைத்தல் வேண்டும். இதனை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். ஊரினூடு செல்லும் நெருக்கத்தைத் தவிர்க்க ஊருக்கு வெளியே சுற்றுவீதி அமைப்பர். சில ஆண்டுகளில் அதன் பக்கத்தே முதலில் ஓர் எரிபொருள் நிலையம் எழும்; பின்னர் ஒரு மண்டபம், பத்துக் கடைகள், ஒரு தனியார் கல்வி நிலையம். சுற்றுவீதி மீண்டும் கடைத்தெருவாகும். அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுவீதி வேண்டும் என்பர். பெருவழி பெருவழியாய் நிலைக்க வேண்டுமாயின் அதன்மேல் வாயில் வைக்க எவருக்கும் எளிதில் அனுமதி அளித்தலாகாது. புதிய பள்ளியோ சந்தையோ அமைப்போர் அதனைப் பக்கத்துத் தெருவில் வாயில் வைத்து அமைத்தல் வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஏ, பீ என்னும் வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் உள்ளன. சீ, டீ வகை மாகாணத்தைச் சார்ந்தவை. ஊரின் சிறுதெருக்களும் கட்டட அனுமதியும் பிரதேச சபையின் கையில் உள. வேகத்தைக் கண்காணிப்போர் பொலிசார். பள்ளி எங்கு அமைவது என்பதைத் தீர்மானிப்போர் கல்வித் திணைக்களத்தார். ஐவர் ஐந்து திசையில் இழுக்கும் தேர் வடம்போல இஃது உளது. வீதி போடுவோர் நிலத்தைப் பார்ப்பதில்லை. நிலத்துக்கு அனுமதி கொடுப்போர் வீதியைப் பார்ப்பதில்லை. விபத்து நேர்ந்தபின் பொலிசார் இரண்டையும் பார்க்கின்றனர். ஒரு வீதியைப் புதுக்கு முன்னர் இவ்வைவரும் ஊராரோடு ஒரு நாள் அவ்வீதியின் நெடுகிலும் நடந்து பார்த்தல் வேண்டும் என ஒரு விதி இருப்பின் அதுவே பெரும்பயன் விளைக்கும். வண்டியிற் சென்று பார்த்தல் போதாது. நடந்து பார்த்தாலன்றித் தெரு தெருவாய்த் தோன்றாது.

இக்கருத்துக்கு மறுப்பாகக் கூறப்படுவன சில. நேரம் வீணாகும் என்பது முதலாவது. பள்ளியின் முன்னுள்ள அரைக் கிலோமீற்றரை 50இற் கடக்க 36 செக்கன் செல்லும். 30இற் கடக்க 60 செக்கன் செல்லும். நட்டம் 24 செக்கன். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரை இத்தகைய இடங்கள் பத்து உளவெனக் கொண்டாலும் நான்கு நிமிடமே கூடும். முறிகண்டியில் ஒரு தேநீர் குடிக்கும் நேரமும் அன்று அது. இரண்டாவது, நோயாளர் வண்டி தாமதிக்கும் என்பது. வேகத்தடைகளை அளவின்றி எழுப்பினால் அவ்வாறே ஆகும். ஆதலினாலேயே மேட்டை மாத்திரம் நம்பாது அகலம், மரம், திட்டு என்பவற்றால் வேகத்தை அடக்குதல் வேண்டும் என்கின்றோம். அன்றியும், மெல்லச் செல்லும் வீதியில் நோயாளர் வண்டியை அழைக்க வேண்டிய தேவையே குறையும்.

மூன்றாவது மறுப்பே வலியது. 'குற்றம் வீதியிலன்று, மக்களிடத்தது. அவர்க்கு ஒழுக்கம் கற்பித்தாற் போதும்' என்பர். கற்பித்தல் எம் தொழில். அதன் பெருமையை யாம் குறைத்துரையோம். ஆயின் அதன் எல்லையையும் அறிவோம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையால், விரைந்து வரும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து மதிப்பிட இயல்வதில்லை. அவ்வாற்றல் வயதோடு வருவது. வகுப்பறையில் அடித்துப் புகட்ட வருவதன்று. முதியவர் கால் இளைஞர் கால்போல் விரையாது. பள்ளி விடும் வேளையில் வாயிலில் நின்ற எந்த ஆசிரியரும் இதனை அறிவர்: நூறு பிள்ளைகளுள் தொண்ணூற்றொன்பதின்மர் வலமும் இடமும் பார்த்தே கடப்பர்; ஒரு பிள்ளை நண்பன் அழைத்த குரலுக்குத் திரும்பி ஓடும். அவ்வொரு பிள்ளைக்காகவும் அமைந்ததே வீதியாகும். தவறு செய்யாதார்க்கு மாத்திரம் பாதுகாப்பளிக்கும் வீதி பாதுகாப்பான வீதியன்று.

நம் கல்லூரி கண்ட ஆண்டுகளை நினைந்து மகிழும் இவ்வேளையில், வீதியைப்பற்றி இத்துணை விரித்தல் எதற்கு என அன்பர் சிலர் எண்ணலாம். விழாக்காலங்களிற் பழைய மாணவர் தம் கல்லூரிக்கு நன்கொடை அளித்தல் மரபு. மண்டபம் எழுப்புவோர், நூலகத்துக்கு நூல் வழங்குவோர், விளையாட்டரங்குக்குப் படி கட்டுவோர் எனப் பலர் உளர். அவர்தம் கொடை வாழ்க. ஆயின் அம்மண்டபத்துக்குப் பிள்ளை வந்துசேர வேண்டுமே! வாயிலுக்கு உள்ளே உள்ளவற்றை நாம் பேணியதுபோல, வாயிலுக்கு வெளியே உள்ள அரைக் கிலோமீற்றரைப் பேணினோமில்லை. அது கல்லூரியின் நிலமன்று என்பது உண்மை. எனினும் அதில் நடப்பது கல்லூரியின் பிள்ளை.

இக்கல்லூரியிற் கற்றோர் இன்று பொறியியலாளராயும், நில அளவையாளராயும், வழக்கறிஞராயும், பிரதேச சபை உறுப்பினராயும், பொலிஸ் அதிகாரிகளாயும், பஸ் உரிமையாளராயும், ஓட்டுநராயும் விளங்குகின்றனர். மேலே கூறிய ஐந்து வடத்தையும் பிடித்திருப்போருள் நம்மவர் உளர். பொறியியலாளர் வரைபடம் கீறும்போது அங்கே பள்ளி உளதா எனக் கேட்கட்டும். சபை உறுப்பினர் கட்டட அனுமதிக்குக் கையுயர்த்துமுன் அதன் வாயில் எவ்வீதியில் திறக்கும் எனக் கேட்கட்டும். பஸ் உரிமையாளர் தம் ஓட்டுநருக்கு நேர அட்டவணை வகுக்கும்போது அந்த நான்கு நிமிடத்தையும் சேர்த்து வகுக்கட்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஏனையவற்றுக்கு வேண்டும் பொருளும் ஒரு மண்டபத்துக்கு ஆகும் பொருளினும் மிகுதியன்று.

பெருவழியும் வேண்டும், தெருவும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மயங்காதிருத்தலே வேண்டுவது. எந்த நிலத்தின் வழியே வீதி செல்கின்றதோ அந்த நிலத்தில் வாழ்வோரைக் கேட்டு அவ்வீதி அமையுமாக. முதற்கண் நம் பள்ளி வாயில்களின் முன்னே 30 என்னும் வரம்பும், அதனைக் காக்கும் வீதியமைப்பும் வருதல் வேண்டும். அதற்கான வேண்டுகோளைப் பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலேயே உரியவர்க்கு எழுதி அனுப்புமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த நினைவாகும்.